சிவப்புக் கோடு

ஏழரைக்கு அதிபர் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றுவார்.
வரவுப் பதிவேட்டில் ஒரு கோடு.
மேலே ஒப்பமிட்டவர் வந்தவர்,
கீழே இட்டவர் பிந்தியவர்.
குருக்கள்மடத்துத் துறையில் பாதை
இன்னுமொரு மோட்டார்சைக்கிளுக்காக நின்று பார்க்கும்.
அக்கரையில் அம்பிலாந்துறை,
பள்ளிக்கூடத்துக் கூரையும் தெரியும்.
நடு வாவியில் இரும்புத் தட்டின்மேல் நான்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

பத்தாம் தரம் பி.
நான் நுழைய முப்பத்தாறு கதிரைகள் பின்னுக்கு இழுபடும்.
"வணக்கம் ரீச்சர்."
முப்பத்தேழாவது இழுபடாது.
தனுக்சன் இருந்தபடி இருப்பான்,
கொம்பாஸ் முனையால் மேசையில் எதையோ தோண்டிக்கொண்டு.

முதல் நாள் காணாதவள் போல் இருந்துவிட்டேன்.
இரண்டாம் நாள், "கால் நோகுதா மகன்?"
"இல்ல."
பணிவும் இல்லை, திமிரும் இல்லை.
கேட்ட கணக்குக்கு விடை.
மூன்றாம் நாளிலிருந்து வகுப்பு பார்க்கத் தொடங்கியது,
அவனை அல்ல, என்னை.

"இண்டைக்கு விட்டியெண்டா
நாளைக்கு முழு வகுப்பும் குந்திக்கிட்டு இருக்கும், பாரன்"
என்று வடையைப் பிய்த்தாள் புவனலோஜினி.
பிரம்பைக் காற்றில் வீசிக் காட்டினார் விஞ்ஞான சேர்,
பிரம்பில்லாத கையால்.

அரிசி களையும்போது, பாதையில் நிற்கும்போது,
மனதுக்குள் அவனை எழுப்பிக்கொண்டே இருந்தேன்.
சில தரம் எழும்பினான்.
எழும்பினவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது
என்றுதான் தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை
வேணுஜன் கரும்பலகையடியில் சமன்பாட்டை வாசித்தான்.
"எ... எ... எக்ஸ்..."
பின்வாங்கில் இருந்து அதே குரல், அதே திக்கல்.
சிரிப்பு.
அன்று நான் யோசிக்கவில்லை.
சோக்குக்கட்டி நிலத்தில் விழுமுன் அவன் மேசையடியில் நின்றேன்.
"வெளியில வா."
சத்தமே போடவில்லையாம், பிறகு பிள்ளைகள் சொன்னார்கள்.
எழும்பினான்.
விறாந்தையில் இருவரும், ஓட்டில் மழை.
"அவனிட்டப் போய்ச் சொல்லு."
"என்னத்த?"
"அது உனக்குத் தெரியும்."
மணி அடிக்கக் கொஞ்சம் முன் உள்ளே போனான்.
என்ன சொன்னான் என்று இருவரையும் நான் கேட்கவில்லை.

மறுநாள்
முப்பத்தாறு கதிரைகள்தான் இழுபட்டன.

பிறகு கார்த்திகை.
வாடை ஆற்றுவாழையைத் துறை முழுக்கத் தள்ளிவிட்டிருந்தது.
பாதை அசையப் பதினேழு நிமிடம்.
நான் போய்ச் சேரக் கோடு காய்ந்திருந்தது.
"காத்து, சேர்."
"காத்து எல்லாருக்குந்தானே ரீச்சர்."
கீழே ஒப்பமிட்டேன்.
என் பெயரின் முதலெழுத்துத் தாளைக் கிழித்தது.

நனைந்த சேலைக் கரையோடு வகுப்புக்குள் போனேன்.
வணக்கம். முப்பத்தாறு.
'ஒழும்புடா' என்ற சொல்
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது,
நல்ல கூராக, இத்தனை நாள் தீட்டினதுபோல்.
அது அவனுக்குச் சொல்ல வந்த சொல் இல்லை.
அலுவலகத்தில் விட்டுவந்திருக்க வேண்டியது,
பயத்தில் வாய்க்குள் வைத்தே கொண்டுவந்துவிட்டேன்.

"இருங்கோ. அறுபத்தாறாம் பக்கம்."

யன்னலுக்கு வெளியே புவனலோஜினி தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.
அவள் சொன்னது பிழையென்று என்னால் சொல்ல முடியாது.
இன்று எழும்பின முப்பத்தாறு பேரில்
இரண்டு பேர் அரைவாசிதான் எழும்பினார்கள்.

தனுக்சன் பக்கத்தைப் புரட்டினான்.
கொம்பாஸ் மறுபடி மேசைக்குப் போனது.
மேசை அரசாங்கத்தினுடையது,
அதை ஒருநாள் கேட்கத்தான் வேண்டும்.
நாளைக்கு.
பாதை நேரத்துக்கு வந்தால்.