முதல் போணி

கீழக்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
செல்போன் கடை மாடிப்படிக்கு அடியில்
ஆள் நிமிர முடியாத இடம்.
வாடகை இரண்டாயிரம், கரண்ட் தனி.

பர்மா பஜாரில் எடுத்த நாற்பது உருப்படி
கைலிக்குள் சுருட்டி, ராத்திரி பஸ்ஸில்
மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது.
கிரீடம் போட்டது, நங்கூரம் போட்டது,
பெயரில் ஓர் எழுத்து பிசகினது.
எல்லாம் பத்து பத்தில் நிற்கிறது.

‘டூப்ளிகேட்’ என்று நானே எழுதி ஒட்டினேன்,
கடைப் பெயரைவிடப் பெரிதாக.
வாங்குகிறவர் கல்யாண வீட்டில் என்ன சொல்வாரோ
அது என் கணக்கில் வராது
என்றேன் மச்சானிடம்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
டீ மட்டும் வாங்கித் தந்தார்.

லுஹருக்குப் பிறகு சுல்தான் செய்யது வந்தார்.
கத்தாரிலிருந்து லீவு; பதினேழு நாள் பாக்கி.
ஒன்றை எடுத்து உள்ளங்கையில் குலுக்கி
“எடை பத்தாது தம்பி.”
அரபி வீட்டில் அசலைத் தினம் துடைக்கிற கை.
“அங்கேயும் நின்னுதான் கெடக்கும். கட்ட ஆளில்ல.”

உப்புக்காற்றில் மூன்றே மாதம்,
பச்சை பூத்துவிடும் என்று சொல்லிவிட்டேன்.
“பதினேழு நாள் தாங்குமா?”
தாங்கும்.
ஐம்பது ரூபாய் குறைத்தார்.

திருகைச் சுற்றி நேரம் வைக்கப் போனேன்,
கையைப் பிடித்துக்கொண்டார்.
“ரெண்டரை மணி பின்னால வை.
ஒடம்பு இன்னும் அங்கதான் முழிக்குது.”

அவர் போனதும் கரண்ட் போனது.
படிக்கு அடியில் முப்பத்தொன்பதும்
மலிவு ரேடியத்தில் பச்சையாக மினுங்கின,
பத்து பத்து, பத்து பத்து.

அஸர் பாங்கு கேட்டுத்தான்
மணி என்ன என்று தெரிந்தது எனக்கு.