ஒட்டும் மூலை

ஹாப்சாலுவில் பிப்ரவரி. கராஜுக்குள்ளும் மூச்சு புகையாகத் தெரிகிறது.
உர்மாஸ் ஓக் பலகைகளை இழைத்துச் சேர்த்துவிட்டு
நடுவிலிருந்த ஒரு பிளவை மட்டும் விட்டுவைத்தான்.
புழு போன வழி.
மரத்தூள் வைத்து அடைக்க மனம் வரவில்லையாம்.

எபாக்ஸி, இரண்டுக்கு ஒன்று.
அளந்துகொண்டிருந்தவனை நான்தான் கூப்பிட்டேன்,
வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று.
திரும்பிப் போய்
எதை ஊற்றினான், எதை மறந்தான்
அவனுக்கே தெரியாது.

ஊற்றியதும் ரேகைகள் விழித்துக்கொண்டன.
ஹீட் கன் காட்டக் காட்டக்
குமிழிகள் மேலேறி வந்து சத்தமில்லாமல் உடைந்தன.
புழுவின் வழியில் இப்போது
கண்ணாடி ஓடியது.

மூன்று நாள். பிறகு ஒரு வாரம்.
மேசை கல்லாக இறுகிவிட்டது,
ஜன்னலோர மூலையைத் தவிர.
அங்கே மட்டும் தேன் சிந்திய பிசுபிசுப்பு.

சுரண்டிவிட்டு மறுபடி ஊற்றலாம் என்றான்.
கோடை வந்து போய்விட்டது.
மைத்துனி லேலோவின் முழங்கை ஒட்டியது,
பூனை முடி ஒட்டியது.
ஒரு ராத்திரி அந்தக் கடிதத்தைக்
கவிழ்த்து வைத்துவிட்டேன்.
காலையில் பிய்த்தால்
பாதித் தாள் கையில்,
கடன்தொகை மேசையில்
இடவலம் மாறி.

உர்மாஸ் இப்போது அங்கேதான் உட்காருகிறான்.
எண்ணின்மேல் சரியாகக் காபியை வைக்கிறான்.
எடுக்கும்போதெல்லாம்
மேசை சொல்கிறது,
ப்ச்.