கடதாசித் துவாய்

கவுன்சில் பதினைந்து நாள் தந்திருந்தது.
படிவத்தில் "பெற்றோர் விரும்பும் பாடசாலை" என்ற கட்டத்துக்குள்
தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம் மட்டும் இருக்கிறது.

இந்த ஊரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும்
தமிழ்க் கடைப் பலகையில் அது மிச்சம்.
"மிச்சத்திலதான் இருக்கிறம்" என்றால்
கனடாவிலிருந்து அண்ணன் ஒவ்வொரு முறையும் கேட்பான்:
"என்ன, விலைப்படாமல் கிடக்கிறியளோ?"

முதல் பள்ளிக்கூடம் ஆறு நிமிட நடை.
முப்பது கொழுக்கி, முப்பது பெயர்,
சுவர் நிறையப் பிள்ளைகள் வரைந்த தங்கள் முகங்கள்.
தலைமையாசிரியை நல்லவ.
"எல்லாப் பிள்ளைகளையும் அணைத்துக்கொள்வோம்" என்றா.
திகழினிக்கு அணைத்தால் பிடிக்காது.

அங்கே ஒரு பொடியன், முன்பல் விழுந்தவன்,
அவள் கை நீட்டுமுன்பே
நீலக் கட்டைகளை மட்டும் பொறுக்கி
அவள் பக்கம் தள்ளிவிட்டான்.
ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பிறகு யாரோ கை கழுவினார்கள்.
கழிப்பறைச் சுவரில் கை காயவைக்கும் இயந்திரம் உறுமியது.
என் மகள் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.
திரும்பிவந்த ஆறு நிமிடம்
நாற்பது நிமிடம்.

மற்றதற்கு ஒரு டிராம், இரண்டு பஸ்.
கதவுக்குக் கதவு இரண்டு கைபிடி,
ஒன்று வழக்கமான இடத்தில்,
ஒன்று பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில்.
இரண்டையும் ஒன்றாய்த் திருகினால்தான் திறக்கும்.
என் வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது.

வகுப்பில் ஏழு பேர்.
ஒருவரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.
ஒருவரும் எங்களை வெறித்துப் பார்க்கவுமில்லை.
கழிப்பறையை நானாகவே கேட்டுப் போய்ப் பார்த்தேன்.
சுவரில் நான்கு துளைகளைப் பூசி மூடியிருந்தார்கள்.
முன்பு இங்கேயும் அந்த இயந்திரம் இருந்திருக்கிறது.
யாரோ ஒருநாள் ஏணி வைத்து ஏறி
அதைக் கழற்றியிருக்கிறார்கள்.
பக்கத்தில் கடதாசித் துவாய்.
அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

தமிழில் அதற்குப் பெயர் சிறப்புப் பள்ளி.
சொல்லிப் பார்க்கிறேன்,
கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்கிறது.
மற்றது பொதுப் பள்ளி,
பொதுக் கிணறு போல, எவரும் வந்து அள்ளலாம் என்பதுபோல.

குகதாசன் இரவு வேலைக்குச் சப்பாத்துப் போட்டபடி சொன்னார்:
"கதைக்கிற பிள்ளையளோட விட்டால்தானே கதை வரும்."
"இருபது வருஷமா நீங்கள் வெள்ளையளோடதானே நிக்கிறியள்.
எவ்வளவு வந்தது?"
சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது.
அவர் மற்றச் சப்பாத்தின் நூலை
இரண்டு தரம் கட்டினார்.
வாசலில் நின்று, திரும்பாமல்,
"எனக்கு அந்தக் கைபிடி பிடிக்கேல்லை" என்றார்.
"எனக்கும்தான்."
இந்த மாதம் நாங்கள் ஒத்துப்போனது
இதில் மட்டும்தான்.

இப்போது விடிய மூன்று மணி.
திகழினி நித்திரையில்லை.
குளியலறை விளக்கைப் போட்டு அணைத்துப் போடுகிறாள்.
ஒவ்வொரு தரமும் முதல் தரம் போலச் சிரிக்கிறாள்.
ஐந்து வயது. சட்டைப் பட்டனைத் தானே பூட்டுவாள்.
"அம்மா" என்பதை ஒருமுறை சொன்னாள்,
என்னைப் பார்த்தல்ல, சலவை இயந்திரத்தைப் பார்த்து.
அதுவும் நல்ல உச்சரிப்பில்.

பென்சிலால் எழுதுகிறேன்,
டிராம் ஏறிப் போன பள்ளிக்கூடத்தின் பெயரை.
கீழே "வேறு ஏதேனும் கூற விரும்பினால்" என்று நான்கு வரி விட்டிருக்கிறார்கள்.
மற்றப் பள்ளிக்கூடத்தில்
முன்பல் இல்லாத ஒரு பொடியன் இருக்கிறான்,
அவனையும் கூட அனுப்ப முடியுமா என்று
என் பிழை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு
அழிக்கிறேன்.
அழுத்தி எழுதியிருக்கிறேன் போல.
சரித்துப் பிடித்தால் எழுத்து தெரிகிறது.

மேலே எழுதிய பெயரை
இன்னும் பேனையால் எழுதவில்லை.
மிச்சம் ஐந்து நாள்.