சட்டைப்பைக் குப்பி

ஒன்பதே முக்காலுக்கு வந்தார்.
காலி வீதியில் கடைசி நூறாம் நம்பர் பஸ்கள்
ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.
முதலில் பனடோல் ஒரு காட்.
பிறகு சவர்க்காரம்.
பிறகு தேவையே இல்லாமல்
நிறை பார்க்கும் மெஷினில் ஏறினார்.
கடையில் நின்ற மற்ற ஆள் போகும்வரை
எழுபத்தொரு கிலோவாகவே நின்றார்.

பதினாலு வருசமாக இந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் நான்.
அந்தக் குளிசையின் பெயரை
ஆம்பிளைகள் வாயால் சொல்வதில்லை.
துண்டில் எழுதி நீட்டுவார்கள்.
ஒரு சிநேகிதனுக்கு என்பார்கள்.
வெள்ளவத்தை முழுக்க
அந்த ஒரு சிநேகிதன்தான் நோயாளி.

இவர் துண்டும் தரவில்லை.
"மனுசி வியாழக்கிழமை வாறா.
குவைத்திலையிருந்து.
ஆறு வருசம்."
அவ்வளவுதான் மருந்துச் சீட்டு.

காசெடுக்கக் குனிந்தபோது
சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது
கட்டைவிரல் அளவு கபிலநிறக் குப்பி.
நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை.
லேபலில் என் கையெழுத்து:
தர்மகுலசிங்கம், நெஞ்சு நொந்தால் மட்டும்.

"எப்ப நெஞ்சுக்குச் செய்தது?"
"மாசியில. வலை ஒண்டு வைச்சவை. இப்ப சுகம்."
"இரவில எத்தினை தரம் எழும்புறியள்?"
"மூண்டு. அதுக்கும் ஒரு குளிசை இருக்கு."

என் கை லாச்சியின் பிடியிலேயே நின்றது.

தொடர்மாடியில் தண்ணி மோட்டர் போடுகிற மனிதர்.
"கீழ்வீட்டுப் பைப் எல்லாம் ஒண்டாத் திறந்தா
அஞ்சாம் மாடியில என்ன வரும்?"
"காத்து."
"உந்தக் குப்பியும் குழாயைத் திறக்கும்.
நீங்க கேக்கிறதும் திறக்கும்.
ரெண்டும் சேர்ந்தா
மூளைக்கும் நெஞ்சுக்கும் வாறது அதுதான்."

யோசித்தார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி,
இன்னமும் என் காதில் நிற்கிறது:
"அப்ப ரெண்டு நாளைக்குக் குப்பியை விடட்டோ?"

நெஞ்சு நோவு வியாழக்கிழமை பார்த்து வராது என்றேன்.

"புறக்கோட்டையில தேன் பக்கெற் விக்கினம். மூலிகையாம்."
"அதுக்குள்ள இதே சாமானைத் தூளாக்கிப் போட்டிருப்பினம்.
எவ்வளவெண்டு தேனீக்கும் தெரியாது."

போன கிழமை திருப்பி அனுப்பினேன்,
வாய் கோணி, பாரிசவாதம் வந்து
இரண்டு மாதமும் ஆகாத ஒருவரை.
அதற்கு முதல், பரம்பரையாய்க் கண் மங்கிவரும் ஒரு பொடியன்.
ஈரல் கெட்டவர், பிறஷர் கிணற்றடியில் கிடப்பவர்.
எல்லாருக்கும் ஒரே வசனம் சொன்னேன்:
டொக்டரிட்டைக் கேட்டிட்டு வாங்கோ.
ஒருவரும் திரும்பி வந்ததில்லை.
கேட்டார்களா,
வேறு கடைக்குப் போனார்களா?

"பொம்பிளைப் பிள்ளைக்கு உது விளங்காது,"
சவர்க்காரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.
பனடோலுக்கும் காசு தந்திருந்தார்.

வியாழன் மழை.
வெள்ளி, பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்தேன்.
சனியும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண்
அதே கபிலக் குப்பியை மேசையில் வைத்தாள்.
"திறந்து கனநாளாம். புதுசு தாங்கோ."
கையில் வெளிநாட்டுச் சவர்க்கார வாசம்.
"நீங்கதானே குடுக்கமாட்டன் எண்ட பிள்ளை?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கட்டுநாயக்காவிலையிருந்து வாற பஸ்ஸிலயே
எல்லாம் சொல்லிப்போட்டார்.
அந்த மனுசனுக்கு மெல்லமாக் கதைக்க வராது.
முன்சீற்றுச் சிங்களப் பெடியனுக்குத் தமிழ் தெரியும்போல,
சிரிப்பை அடக்கேலாமல் யன்னலுக்கு வெளியால பாத்தான்."
அவளும் சிரித்தாள்.
பிறகு முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள்.
"ஆறு வருசம் ஆற்றையோ பிள்ளையளைக் குளிப்பாட்டின கை, தங்கச்சி.
எனக்கு முதுகு உருவிவிட ஒராள் காணும்.
அதை அவருக்கு ஆர் சொல்லிறது?"

"நீங்கதான்."

"சொன்னனான். அழுதார்.
செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு ரெண்டு பேரும் போறம்.
வேற வழி இருக்கோ எண்டு கேக்கலாம்தானே?
வெக்கமில்லைத்தானே?"

புதுக் குப்பியில் பெயர் எழுதினேன்.
லாச்சிக்குள் எடுத்து வைத்திருந்த பனடோல் காட்டையும் கொடுத்தேன்.

"இதுக்கு எவ்வளவு?"

"அவர் தந்திட்டார்."