நாற்பத்தேழு செக்கன்

பாசையூரில் நண்டு ஏலம் ஆறு மணிக்கு மூடும்.
மூடுவது ஆளல்ல,
சிங்கப்பூரில் மாதக் காசுக்கு எடுத்த ஒரு சேர்வர்.

சவிரிமுத்தர் அழைத்தபோது
பல்லுத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
"அந்தோனியார் கோயில் மணி அடிச்சு முடிஞ்சுது, பிள்ளை.
பிறகுதான் பெனடிற் விலை போட்டவன்.
அவனுக்கெண்டு காட்டுது உங்கட பெட்டி."

மணியை நான் நம்பவில்லை.
மணிக்கயிறு பிடிப்பவருக்கும் தூக்கம் வரும்.
ஈரக் கையோடு உள்ளே போய் நேரம் கேட்டேன்.
சொன்னது.
நாற்பத்தேழு செக்கன் பிந்தி,
ஒரு பதற்றமும் இல்லாமல்.

அதற்கென்று சொந்தமாய் மணிக்கூடு கிடையாது.
குடியிருப்பது இன்னொரு இயந்திரத்தின் அறையில்.
இரவு யாரோ அதை நித்திரையோடு தூக்கி
வேறு அறையில் கிடத்தியிருக்கிறார்கள்.
கண் திறந்ததும்
விட்ட எண்ணிலிருந்தே எண்ணத் தொடங்கியிருக்கிறது.

இதற்குத்தான் ஒரு காவற்காரனை வைத்திருந்தேன்.
நாலு இடத்தில் நேரம் கேட்பான்,
ஒருவர் பிசகினால் மற்ற மூவரை நம்புவான்.
தேடினேன். நிறுத்தி வைத்தபடி கிடந்தான்.
நிறுத்தியவர் பெயரும் பதிவில் இருந்தது:
தர்மிகா, மார்ச் பதினொன்று, ஏதோ சோதனைக்காக.
தர்மிகா நான்தான்.

ஒரேயடியாய்த் தாண்ட விடலாம்.
தாண்டினால், அந்த இடைவெளியில் எழும்ப வேண்டிய வேலைகள்
எழும்பாமலே போகக்கூடும்.
நடக்க விட்டேன்.
ஒவ்வொரு செக்கனிலும் ஒரு கிள்ளுக் கிள்ளி
பத்து நிமிடத்துக்குள் எட்டிப் பிடிக்கும்.

காத்திருக்கையில் நேரவலயக் கோப்பைத் திறந்தேன்.
இலங்கை:
தொண்ணூற்றாறில் ஒரு மணி முன்னே,
அதே ஆண்டு அரை மணி பின்னே,
இரண்டாயிரத்து ஆறில் இன்னும் அரை மணி பின்னே.
மூன்று வரி.
முகமாலையில் பஸ் மாறும்போது
அம்மா கைமணிக்கூட்டைத் திருகியது அதில் இல்லை.
அங்கால் ஒரு நேரம், இங்கால் ஒரு நேரம்;
நடுவில், பையைத் திறந்து காட்டும் வரிசை
எந்த நேரத்தில் நின்றதென்று
எனக்கு இன்றும் தெரியாது.

முப்பது. பன்னிரண்டு. நாலு.
பிறகு புள்ளிக்குப் பின்னால் பூச்சியங்கள்.

பதிவில் கை வைக்கவில்லை.
பிந்தி எழுதியது பிந்தியபடியே கிடக்கட்டும்.
கீழே ஒரு குறிப்பு மட்டும்: பிழை என்னுடையது.

சவிரிமுத்தருக்குச் சொன்னேன்,
மணி சரி, பெட்டிதான் பிந்தி.
அவர் சற்றுப் பேசாமல் இருந்தார்.
பின்னால் யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம்.

"நாப்பத்தேழு செக்கன் எண்டா
எத்தினை கிலோ நண்டு, பிள்ளை?"