மூன்றே முக்காலுக்கு மூவர்

ஜனவரியிலேயே கட்டம் போட்ட நோட்டை எடுத்துவிட்டார்
சதுர்னினோ.
மார்ச்சில் வலென்சியா, ஃபாயாஸ் திருவிழா,
நாளுக்கு ஒரு பக்கம், வேளைக்கு ஒரு மை.
பசியை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமே என்றேன்.
"அங்கே போனால் பசி நமக்கு மட்டுமா வரும்?
ஊருக்கே வரும், ஒரே நேரத்தில்."

எட்டு உணவகங்களில் போனை எடுக்கவில்லை.
ஒன்பதாவதில் நெலோ என்றொரு குரல்,
பின்னால் தட்டுகள் மோதும் ஓசை.
"இரண்டு மணிக்கா? இரண்டு மணிக்கு
நகரமே சதுக்கத்தில் நின்று வெடிச்சத்தம் கேட்கும்.
எங்கள் சமையல்காரரும் போய்விடுவார்.
மூன்று மணிக்குப் புகையிலிருந்து வெளியே வருகிறவர்கள்
கதவைப் பெயர்த்துவிடுவார்கள்.
மூன்றே முக்காலுக்கு வாருங்கள்."

மூன்றே முக்கால். மூன்று பேர். ஜன்னலோர மேசை.
முயலும் பீன்ஸும் போட்ட சோறு.
நத்தை வேண்டாம்:
கொழுந்தன் ஒனோரியோவுக்கு
நத்தை ஊர்ந்த வழிகூட ஆகாது.
"ஒன்று சொல்கிறேன்" என்றது குரல்.
"மேசை காத்திருக்கும். சோறு காத்திருக்காது."
அதையும் எழுதிக்கொண்டார், சிவப்பில்.

நோட்டில் இல்லாமல் போனது
தெரு.

வெடி முடிந்து, காது இன்னும் முழுதாகத் திரும்பாமல்
முனைக்கு வந்தபோது பூ ஊர்வலம் தொடங்கியிருந்தது.
பேட்டை பேட்டையாகப் பெண்கள்,
விறைத்த பட்டு, கொண்டையில் பொன்சீப்பு,
கையில் கார்னேஷன் கொத்து,
ஒவ்வொரு பேட்டைக்குப் பின்னாலும் ஒரு பித்தளை வாத்தியக் குழு.
தடுப்புக் கம்பி. போலீஸ்காரர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டி
தோளைக் குலுக்கினார்.

எதிரே, வண்டி இரண்டு போகும் அகலத்துக்கு அப்பால்,
உணவகம்.
அதன் ஜன்னல். அதன் உள்ளே எங்கள் மேசை.
மேசைமேல் வெள்ளை அட்டை.
அதில் நம் பெயர்தான் என்றார் சதுர்னினோ,
படிக்கவே முடியாத தூரத்திலிருந்து.

போன் போட்டோம்.
ஜன்னலுக்கு வந்தார் ஒருவர், காதில் கருவி.
ஜனவரிக் குரலுக்கு மீசை இருந்தது.
"பச்சைத் தொப்பியா நீங்கள்?"
ஒனோரியோ தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.
நடுவில் யாரோ அழுதுகொண்டே பூவுடன் போனாள்.

நான்கு மணி. நான்கே கால்.
நெலோ சட்டியைத் தூக்கிவந்து
கண்ணாடியில் சாய்த்துக் காட்டினார்,
பிள்ளை பிறந்ததைக் காட்டும் செவிலியைப் போல.
நன்றாக இருக்கிறது என்றோம், போனில்.

பிறகு கொஞ்சம் தயங்கினார்.
"இங்கே ஒருத்தர் வந்து நிற்கிறார். ட்யூபா ஊதுகிறவர்.
விடிந்ததிலிருந்து ஊதியிருக்கிறார்.
முன்பதிவு இல்லை. கொடுத்துவிடட்டுமா?"

சதுர்னினோ நோட்டைத் திறந்தார்.
அந்தப் பக்கம், அதற்கடுத்த பக்கம்,
இரவுச் சாப்பாட்டின் ஊதா, மறுநாளின் பச்சை.
மூடினார்.
"கொடுங்கள்.
நத்தை போடவில்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்."

ஒரு நாற்காலியில் அந்த மனிதர்.
ஒன்றில் ட்யூபா, வாய் மேலே பார்க்க.
மூன்றாவதில் அவர் தொப்பி.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நெலோ போனை அணைக்க மறந்து
மேசைமேலேயே வைத்துவிட்டார் போலிருக்கிறது.
நாங்களும் அணைக்கவில்லை.
பக்கத்துக் கடையில் வாங்கிய பூசணிப் பணியாரத்தை
நின்றபடியே தின்றோம்,
சர்க்கரை நோட்டின்மேல் கொட்ட,
மூன்று தலைகளும் ஒரே கருவியை நோக்கிச் சாய்ந்து.

கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டுவது கேட்டது.
காந்தல் பெயர்கிற சத்தம்.
ஊர்வலத்தின் அத்தனை கொம்புகளுக்கும் ஊடே
அது தனியாகக் கேட்டது.

"நின்றுவிட்டதே" என்றான் ஒனோரியோ.
"இரு" என்றார் சதுர்னினோ,
"ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கும்."