இடப்பக்க நாற்காலி

ஹெச்.ஆரில் புதிதாய்ச் சேர்ந்த தினகர்
ஒரு படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
"உங்க வேலை என்ன, பொறுப்பு என்னன்னு
பத்து வரிக்குள்ள எழுதிக் குடுங்க மேடம்."

டைரி பார்ப்பது என்று எழுதினேன்.
உண்மைதான்.
அழகர் ஆற்றில் இறங்கும் நாளாகப் பார்த்துப்
புனேக்காரர்கள் ஆய்வுக்கு வருகிறோம் என்றால்
அன்றைக்கு லாரி வராது, ஆள் வராது,
வாட்ச்மேனே வரமாட்டார் என்பதைத்
'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று
மொழிபெயர்ப்பதும் அதில் அடக்கம்.

பயண ஏற்பாடு.
விமானம் தரை தொடும்போது
டிரைவர் ஒச்சப்பன் பெருங்குடி டீக்கடையில்
இரண்டாவது வடையில் இருப்பார்.
அவரை எழுப்பி ஓடவைப்பது என்று
படிவத்தில் எழுத முடியாது.

கடிதங்கள் தட்டச்சு செய்வது.
அடியில் எம்.டி. கையெழுத்து.
அதற்கும் அடியில், இடது ஓரம்,
எறும்பு மாதிரி செ.எ.
செ. எமரன்சியா. பத்தொன்பது வருடம்.
ஒரே ஒரு பேங்க் மேனேஜர் அதைக் கவனித்து
அச்சுப்பிழையா என்று போன் போட்டார்.

மீட்டிங்கில் குறிப்பெடுப்பது.
இங்கே பேனா நின்றது.

மூன்று வருடமாய் எம்.டி.க்கு இடது காது இல்லை.
வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது,
கப்பலூர் டோல்கேட்டு வரிசை மாதிரி
கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் நின்று.
தெரிந்தவர்கள் மூன்று பேர்:
டாக்டர், அவர் மனைவி, நான்.
டாக்டரிடம் போகிற செவ்வாய்க்கிழமைகளுக்கு
டைரியில் 'மின்வாரியம்' என்று பெயர்.
ஒரு செவ்வாய் மின்வாரிய இன்ஜினியரே
நேரில் வந்து நின்றுவிட்டார்,
அதை எப்படிச் சமாளித்தேன் என்பது தனிக் கதை.

அதனால் இடப்பக்க நாற்காலி எனக்கு.
அவர்கள் பேசப் பேச எழுதுவேன்,
பெரிய எழுத்தில், கூட்டெழுத்து இல்லாமல்.
அவர் தாளைப் பார்ப்பார், தாடையைத் தடவுவார்,
பிறகு பதில் சொல்வார்.
நிதானமான மனுஷன் என்று
திருமங்கலம் வரைக்கும் பேர்.

போன வியாழன் ஓ-ரிங் விலை பேசினார்கள்.
பதினொன்றே காலுக்கு மேல் பைசா கிடையாது
என்றது ஆங்கிலத்தில்.
மீதியை இந்தியில், தங்களுக்குள்.
குறிப்பெடுக்கிற பொம்பளைக்கு இந்தி தெரியுமென்று
யாருக்குத் தோன்றும்?
பழங்காநத்தம் மாடியறை டியூஷன்,
மூன்று பரீட்சை, மூன்றிலும் இரண்டாம் வகுப்பு.

பன்னிரண்டு வரை போகலாம் என்றார் ஒருவர்.
என்ன அவசரம் என்றார் மற்றவர்.
கிழவனுக்குக் காது அவுட், பார்த்தாயா,
அந்தம்மா தாளைப் படித்துத்தான் ஓட்டுகிறான்,
ஒரு வருடம் பொறு, கம்பெனியே விலைக்கு வரும்.
சிரித்தார்கள்.

ஆக, தெரிந்தவர்கள் ஐந்து பேர்.

சிரிப்பைக் கேட்கக் காது வேண்டாம்.
எம்.டி. என் தாளைப் பார்த்தார்.
'12 வரை வருவார்கள்' என்று எழுதி
இரண்டு கோடு போட்டேன்.
வேறொன்றும் எழுதவில்லை.

பன்னிரண்டில் முடிந்தது.

சாயங்காலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்,
"நடுவுல சிரிச்சாங்களே, எதுக்கு?"
ரகசியம் சொல்வதற்கும் கத்தவேண்டிய அறை அது.
"நாலு இட்லிக்கு ஆறு சட்னியான்னு சார்!"
அவரும் சிரித்தார். சற்றுத் தாமதமாக.
பிறகு, நாளைக்கு வக்கீலைப் பார்க்கணும் என்றார்,
டைரியில் போடாதே என்றார்.
எழுதாத வரியையும் வாசித்துவிட்டாரோ என்னமோ.

படிவத்தில் நாலு வரிதான் தேறியது.
கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
பத்து நிமிஷத்தில் தினகர் திரும்பி வந்தார்.
கையெழுத்து என்ற இடத்தைக் காலியாக விட்டு
இடது ஓரம், அடியில், பழக்கதோஷத்தில்
செ.எ.
"இது என்ன மேடம், அச்சுப்பிழையா?"